புது பைக், ஓடியது 340 கிலோமீட்டர்தான். நெடும்பயணம் போகலாமா?

கைப்பிடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. புதிதாக ஒரு பைக் எடுத்திருக்கிறேன். ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங், ஸ்போக் சக்கரம், உள்ளே ட்யூப் போட்ட டயர். ஓடோமீட்டர் இப்போது 340-ல் நிற்கிறது. அடுத்த மாதக் கடைசியில் ஒரு நீண்ட விடுமுறை வருகிறது, அதில் போக 900, வர 900 என்று மொத்தம் 1,800 கிலோமீட்டர் போய்வரத் திட்டம். பெரும்பகுதி நான்குவழிச் சாலை, கடைசி 200 கிலோமீட்டர் மலைப்பாதை. பின்சீட்டில் மனைவியும் வருகிறார், அதனால் இரண்டு பேர் எடையும் பைகளும் இருக்கும்.

முதல் சர்வீஸ் 1,000 கிலோமீட்டரில் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. அதற்கு முன்பே கிளம்பி, வழியில் ஏதாவது ஒரு ஊரில் சர்வீஸ் விட்டுக்கொள்ளலாமா, இல்லை முடித்துவிட்டுத்தான் போகணுமா? புது எஞ்சினை முறுக்கவே கூடாது என்று ஒரு கோஷ்டி, முதல் நாளே முறுக்கினால்தான் பிற்பாடு நன்றாக இழுக்கும் என்று இன்னொரு கோஷ்டி, இரண்டு பக்கமும் கேட்டுக் குழம்பிப்போய் இருக்கிறேன். அப்புறம், இதுவரை நான் நகரத்துக்குள் மட்டும் 110 சிசி வண்டி ஓட்டியவன், நெடுஞ்சாலைப் பழக்கம் கிடையாது. வேறு என்னென்ன பார்க்கணும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெதுவாப்போ எழுதியது:

தாராளமாகப் போகலாம் ப்ரோ, ஓட்டத்தானே வாங்கினோம். சர்வீஸ் முடித்துவிட்டுப் போங்க, அவ்வளவுதான்.

ஆயில்கறை எழுதியது:

சர்வீஸை முடித்துவிட்டுத்தான் கிளம்பணும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டருக்கு ஆள் பிடிப்பதுபோல இருக்கும்.

சிலிண்டரின் உள்சுவர் பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் இழைத்திருப்பார்கள், ஹோனிங் என்பார்கள். ஆயில் தங்கி நிற்பது அந்தக் கோடுகளில்தான். புது எஞ்சினில் பிஸ்டன் ரிங் இந்தச் சுவரோடு உரசி உரசித்தான் படியும். அப்படி உரச, ரிங்கை யாராவது வெளிப்பக்கம் தள்ள வேண்டும் இல்லையா, அந்த வேலையைச் செய்வது சிலிண்டருக்குள் எரிகிற வாயுவின் அழுத்தம். வண்டியைத் தொட்டும் தொடாமலும் பூப்போல ஓட்டிக்கொண்டே இருந்தால் அழுத்தம் போதாமல் ரிங் சரியாகப் படியாது, கோடுகளின் மேல் பளபளப்பு ஏறிவிடும், பிற்பாடு எஞ்சின் ஆயில் குடிக்கும். ஆகவே முறுக்கச் சொல்கிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் ஆபத்து. இன்னும் படியாத பரப்புகள் உரசும்போது சூடு அதிகம், அந்த நிலையில் முழு த்ராட்டிலை நிமிடக்கணக்கில் பிடித்தால் ரிங்கும் சுவரும் கீறிக்கொள்ளும்.

நான் செய்வதும் மற்றவர்களுக்குச் சொல்வதும் நடுவழிதான். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். பிறகு நடு ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகிற சுற்று) கொஞ்சம் தாராளமாக த்ராட்டில் கொடுத்து வேகம் எடுங்கள், விடுங்கள், எஞ்சின் பிரேக்கிங்கிலேயே வேகம் இறங்கட்டும், திரும்ப எடுங்கள். கியரை மாற்றிக்கொண்டே இருங்கள். கையேட்டில் ஆர்பிஎம் வரம்பு கொடுத்திருந்தால் அதைத் தாண்ட வேண்டாம், வாரண்டியில் பேச்சு வந்தால் அந்த வரிதான் நிற்கும். பலரும் கவனிக்காத விஷயம், ஏற்றத்தில் டாப் கியரிலேயே வைத்து எஞ்சின் குலுங்கக் குலுங்க இழுக்க விடுவது. ஆர்பிஎம் குறைவாகத்தானே இருக்கிறது என்று நினைப்பார்கள், ஆனால் புது எஞ்சினுக்கு அதுவும் கெடுதல்.

இப்போது யோசித்துப் பாருங்கள், நான்குவழிச் சாலையில் டாப் கியரில் ஒரே ஆர்பிஎம்மில் மணிக்கணக்காகப் போகப் போகிறீர்கள். ரன்-இன் காலத்தில், அதாவது புது எஞ்சின் படிகிற காலத்தில், செய்யக்கூடாத காரியம் அதுதான். ஆகவே மிச்சம் இருக்கிற 660 கிலோமீட்டரை அதற்கு முன்பே வளைவும் ஏற்ற இறக்கமும் உள்ள சின்னச் சாலைகளில் ஓட்டி முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகள் போதும். நகர நெரிசலில் நின்று நின்று ஓட்டி ஏறுகிற கிலோமீட்டரால் பெரிய பிரயோஜனம் இல்லை.

முதல் சர்வீஸில் முக்கியம் ஆயிலும் ஃபில்டரும். ரிங், கியர், கிளட்ச் எல்லாம் தேய்ந்து படிகிறபோது உதிர்கிற உலோகத் துகள் அந்த முதல் ஆயிலில்தான் கலந்திருக்கும், வடிக்கும்போது வெளிச்சத்தில் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். அதை வைத்துக்கொண்டே 1,800 கிலோமீட்டர் ஏன் ஓட்டணும்? மாற்றும்போது கையேட்டில் சொன்ன கிரேடும், டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். பைக்கில் பெரும்பாலும் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கும், கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கப் போடுகிற சேர்மானம் பட்டால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

இன்னும் ஒன்று, சர்வீஸ் முடிந்த மறுநாளே கிளம்ப வேண்டாம். ஒருமுறை நான் சர்வீஸ் விட்டு எடுத்து வந்த வண்டியில் செயினை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள், இன்னொரு நண்பருக்கு ஆயில் வடிக்கும் போல்ட்டில் கசிவு. இதெல்லாம் முதல் 100 கிலோமீட்டரில் தெரிந்துவிடும். அந்த 100 கிலோமீட்டரை வீட்டுப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பின்சீட்டுக்காரி எழுதியது:

ஆயில்கறை அண்ணா எஞ்சினைப் பற்றி எழுதியது எல்லாம் சரி, ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் கவலைப்பட வேண்டிய கடைசிப் பொருள் எஞ்சின்தான். புது வண்டி, லிக்விட் கூலிங், அது பாட்டுக்கு ஓடும். கைப்பிடி சகோ, நீங்கள் 110 சிசியில் நகரத்துக்குள் மட்டும் ஓட்டியவர், இப்போது அதைவிடக் கனமான வண்டியில், பின்னால் ஆள், பக்கவாட்டில் பைகள், பழகாத வேகம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அதனால் கிளம்பும் முன் ஒரு நாள் முழுச் சுமையோடு ஒத்திகை பாருங்கள். வீட்டம்மா, பைகள், தண்ணீர், எதையும் விடாமல் ஏற்றிக்கொண்டு, போக 100 வர 100. நீங்கள் மட்டும் ஓட்டுகிறபோது இருந்த வண்டி அது இல்லை என்பது முதல் திருப்பத்திலேயே தெரியும். முன்சக்கரம் லேசாகும், திரும்பச் சோம்பும், நிறுத்த நேரமாகும். பாரம் ஏறினால் பின் சஸ்பென்ஷன் அமுங்கும், அப்போது ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைக்கும், உங்களுக்கோ சாலை தெரியாது. பின் ஷாக்கில் ப்ரீலோட் ஏற்றுகிற, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கிற வசதி இருக்கும், கையேட்டில் இரண்டு பேருக்கு எந்தப் படி என்று போட்டிருப்பார்கள். ஏற்றிவிட்டு இரவில் ஒரு சுவரின் முன் நிறுத்தி ஆளோடு உட்கார்ந்து ஒளி எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

காற்றழுத்தமும் அப்படித்தான். இரண்டு பேருக்கென்று தனி அளவு இருக்கும், பின்டயருக்குக் கூடுதல். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். பாரத்தோடு காற்றுக் குறைந்த டயர் ஓட ஓட உள்ளே வளைந்து நிமிர்ந்து சூடேறும், நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க அது ஒரு காரணம். சின்ன கேஜ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், வழியில் காற்றுப் பிடிக்கிற இடத்தில் இருக்கிற மீட்டரை நம்புவது அவரவர் தைரியம்.

மொத்தம் எவ்வளவு எடை ஏற்றலாம் என்றும் கையேட்டில் இருக்கும். ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர், பை எல்லாம் சேர்த்த கணக்கு அது. பல வண்டிகளில் 150 முதல் 200 கிலோவுக்குள்தான். இரண்டு பெரியவர்கள் ஏறினாலே எவ்வளவு மிச்சம் என்று கூட்டிப் பாருங்கள், கொண்டுபோகிற துணி தானாகக் குறையும். கனமான சாமானைக் கீழே, நடுவில், இருவருக்கும் பக்கத்தில் வைக்கணும். பின்கேரியரின் கடைசியில் உயரமாக அடுக்கினால் வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். பக்கவாட்டுப் பை சைலன்சரில் படாமல் இருக்கிறதா என்று நின்ற நிலையில் பார்த்தால் போதாது, ஆள் ஏறிச் சஸ்பென்ஷன் அமுங்கிய பிறகும் பார்க்கணும்.

கடைசியாகப் பின்சீட்டு உரிமைக்குரல்: அவருக்கும் உங்களுடையதைப் போலவே நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடிய ஷூ. ஓட்டுகிறவருக்கு ரைடிங் ஜாக்கெட், பின்னால் இருப்பவருக்குத் துப்பட்டாவும் செருப்பும் என்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. விழுந்தால் இருவரும் சேர்ந்துதான் விழுவோம். எப்போது நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும், இடுப்பு வலி பின்னால் இருப்பவருக்குத்தான் முதலில் வரும்.

மழைக்கோட்டு எழுதியது:

பின்சீட்டுக்காரிக்கு ஒரு சலாம். நான் பிரேக்கைப் பற்றி மட்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் இரண்டேகால் மடங்காகும். 60-ல் நிறுத்திப் பழகிய கைக்கு 90 என்பது வேறு உலகம். ஏபிஎஸ் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆளில்லாத நல்ல சாலையில், முதலில் தனியாக, பிறகு பின்னால் ஆளோடு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி முன்பிரேக்கை அழுத்தமாகப் பிடித்துப் பழகுங்கள். லீவரை வெடுக்கென்று பிடிக்காமல் அமுக்கி அமுக்கி இறுக்கணும். புது பேட் வட்டோடு படிய முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும், நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள்.

மலை இறக்கத்தில் பின்பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். சூடேறி பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஏறின கியரிலேயே இறங்குங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

மழை பெய்ய ஆரம்பித்த முதல் கால்மணி நேரம் மோசமானது, சாலையில் படிந்த ஆயிலும் தூசியும் மிதந்து வரும். வெள்ளைக் கோடு, பாலங்களின் இரும்பு இணைப்பு, மூடித்தட்டு, இவற்றின் மேல் வண்டியைச் சாய்க்கவும் கூடாது பிரேக் பிடிக்கவும் கூடாது.

கைப்பிடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பின்சீட்டுக்காரி எழுதியதை மனைவியிடம் காட்டினேன், ஜாக்கெட் பட்டியல் உடனே தயாராகிவிட்டது. சர்வீஸை முடித்துவிட்டே போகிறேன், ஒத்திகையும் உண்டு.

இன்னும் சில சந்தேகங்கள். ட்யூப் டயரில் நெடுஞ்சாலையில் பஞ்சரானால் என்ன செய்வது? செயினுக்கு வழியில் ஏதாவது செய்யணுமா? அதிகாலையில் கிளம்பினால் ஒரே நாளில் 900 போய்விடலாம் என்று நினைக்கிறேன், சரியா?

நெடுந்தூரம் எழுதியது:

900 ஒரே நாளில் வேண்டாம். முடியாது என்று இல்லை, செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் உடம்பு அதற்குப் பழகியது. நீங்கள் வரைபடத்தில் தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்த்திருப்பீர்கள். நெடுஞ்சாலையில் 90-ல் போனாலும் பெட்ரோல், சாப்பாடு, ஊர்களுக்குள் நெரிசல், கால் நீட்டல் எல்லாம் சேர்ந்து நாள் முழுவதற்குமான சராசரி 50, 55-க்கு இறங்கிவிடும். 900 என்றால் 16 முதல் 18 மணி நேரம். கடைசி 200 மலைப்பாதை என்கிறீர்கள், அதாவது உடம்பு ஓய்ந்த நேரத்தில், இருட்டில், வளைவுகளில். யோசிக்கவே வேண்டாம். இரண்டாகப் பிரியுங்கள், முதல் நாள் 500, மறுநாள் பகல் வெளிச்சத்தில் மிச்சம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர். கண் செருகுகிறது, தாண்டிவந்த ஊர் ஞாபகம் இல்லை என்றால் ஓட்டுவதை அப்போதே நிறுத்தணும், காபி குடித்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை அது.

களைப்புக்கு இன்னொரு காரணம் சத்தம். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் சுலபமாக 90 டெசிபலைத் தாண்டும். தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல் கூடாது என்பது பரவலான வரம்பு, அப்படியென்றால் நாம் நாள் முழுக்க வாங்குவது என்ன என்று பாருங்கள். நுரையால் ஆன இயர்பிளக் போட்டால் மாலையில் தலை கனக்காது. ஹாரன் கேட்காதோ என்று பயப்படுவார்கள், கேட்கும். இரைச்சல் அடங்குவதால் இன்னும் தெளிவாகவே கேட்கும்.

மைலேஜை நகரத்துக் கணக்கை வைத்து நம்பாதீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், பைகள் அகலமாக நின்றால் அதுவும் சேரும். ஒத்திகைப் பயணத்தில் டேங்கை நிரப்பி, ஓடி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பிக் கணக்குப் போடுங்கள், அந்த எண்தான் உங்கள் எண். அரை டேங்கைத் தாண்டியதும் அடுத்த பெட்ரோல் பங்கில் நிரப்பிவிடுகிறவன் நான், மலையடிவாரத்தில் கட்டாயம் நிரப்பிவிட்டுத்தான் ஏறுவேன்.

ஆயில்கறை எழுதியது:

பஞ்சர் விஷயத்தில் ட்யூப் டயர் கொஞ்சம் பொல்லாதது. ட்யூப்லெஸ் என்றால் ஆணி குத்தினாலும் காற்று மெல்ல இறங்கும், வெளியிலிருந்தே திரியைச் செருகிவிட்டுப் போகலாம். ட்யூபில் சட்டென்று இறங்கும், சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, ட்யூபை எடுத்தாகணும். வண்டி பின்னால் திடீரென்று ஆட ஆரம்பித்தால் பிரேக்கைத் தொடாமல் த்ராட்டிலை மெதுவாக விட்டு நேர்கோட்டிலேயே ஓரம் கட்டுங்கள். முன், பின் இரண்டுக்கும் ஒவ்வொரு புது ட்யூப், இரண்டு மூன்று டயர் லீவர், சின்ன காற்றுப் பம்ப், ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனர் எடுத்துப் போங்கள். வண்டியோடு வந்த டூல் கிட்டில் ஆக்சில் ஸ்பேனர் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், திறந்து பாருங்கள். உங்களுக்குக் கழற்றத் தெரியாவிட்டாலும் சாமான் கையில் இருந்தால் பக்கத்து மெக்கானிக் மாட்டிக்கொடுப்பார், அந்த அளவு ட்யூப் அவரிடம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஸ்போக் சக்கரம் என்றதால் இதையும் சொல்கிறேன். புதுச் சக்கரத்தில் ஸ்போக் முதலில் கொஞ்சம் தளரும். ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். எல்லாம் கணீரென்று ஏறக்குறைய ஒரே ஒலி கொடுக்கணும், நடுவில் ஒன்று மொத்தென்று கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. நீங்களே முறுக்காமல் முதல் சர்வீஸில் சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள், கண்டபடி முறுக்கினால் ரிம் கோணும்.

செயின் ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றே, லூப் (செயினுக்கான மசகு ஸ்ப்ரே) அடிக்கணும். சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும், செயின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, உள்பக்கமாக அடித்துவிட்டு இரவு முழுக்க விட்டால் நன்றாகப் பிடிக்கும், காலையில் அடித்துவிட்டு உடனே ஓடினால் பாதி ரிம்மில் தெறிக்கும். எஞ்சினை ஆஃப் செய்து சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஓடுகிற செயினில் விரல் போன கதைகள் நிறைய. ஓ-ரிங் செயின் (இணைப்புகளில் சின்ன ரப்பர் வளையம் போட்டது) என்றால் பெட்ரோலும் கம்பி பிரஷும் பக்கத்தில் வரக்கூடாது, ரப்பர் போய்விடும். தொய்வு எவ்வளவு என்று ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்குகிற கை) ஸ்டிக்கர் இருக்கும். புதுச் செயின் முதலில் கொஞ்சம் நீளும், அதனால் கிளம்பும் முன் கட்டாயம் பாருங்கள். ஆள் ஏறிச் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், தளர்வாக இருக்கிறதே என்று விறைப்பாக்கினால் கியர்பாக்ஸ் பேரிங்குக்குத்தான் கேடு.

ஆயில் அளவையும் தினம் காலையில் பாருங்கள், வண்டியை நிமிர்த்திப் பிடித்து. புது எஞ்சின் நெடுஞ்சாலையில் கொஞ்சம் ஆயில் தின்னலாம், அரை லிட்டர் பையில் இருக்கட்டும்.

மெதுவாப்போ எழுதியது:

வழிகாட்டப் போனை ஹேண்டில்பாரில் மாட்டுவீர்கள் இல்லையா, அதிர்வைத் தாங்குகிற டேம்பர் வைத்த ஹோல்டராக வாங்குங்க. ஒற்றை சிலிண்டர் அதிர்வில் கேமரா போய்விடும். பைக் அதிர்வால் கேமராவின் ஸ்டெபிலைசேஷன் கெடலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

கைப்பிடி எழுதியது:

ஐயோ, ஹோல்டர் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், டேம்பர் இல்லாதது. மாற்றியே ஆகணுமா, இல்லை அதிலேயே சமாளிக்கலாமா?

மெதுவாப்போ எழுதியது:

பல ஹோல்டர்களுக்கு டேம்பர் தனியாகவே கிடைக்கும், பொருந்துகிறதா பாருங்க. இல்லாவிட்டால் போனை ஜாக்கெட் பையில் வைத்து ஹெல்மெட் ப்ளூடூத்தில் குரலை மட்டும் கேளுங்க, அப்போது ஒரு காதில் இயர்பிளக்கைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்ளணும். பழைய போன் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி அதை மாட்டிவிடுங்க, நான் அப்படித்தான்.